கித்தேரிக்கு வந்த தேர்

முதல் அநியாயம் அறுபத்திரண்டாம் வருஷம் நடந்தது: முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குகிற நாளில் தெற்குத் தெருப் பிள்ளைகள் பதினோரு பேரையும், மேலத்தெருப் பிள்ளைகள் வாங்கி முடிக்கும்வரை கோயிலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தி வைத்தார்கள், அந்தப் பதினோரு பேரில் சந்தியாகுவும் ஒருவர். இரண்டாவது எழுபத்தொன்றில்: செத்தவர்கள் ஒருவரோடொருவர் கலந்துவிடக் கூடாது என்று கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழும்பியது. மூன்றாவது எழுபத்தொன்பதில்: பாடகர் குழுவில் சேரப் போன தெற்குத் தெருப் பெண்களிடம், ஒருத்தியையும் பாடச் சொல்லிக் கேட்காமலேயே, குரல் சரியில்லை என்றார்கள். நான்காவது எண்பத்தெட்டில்: சவேரியார் தேர் தெற்குத் தெருவுக்கும் வர வேண்டும் என்று கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்ததில், சந்தியாகுவின் இடது முழங்கை அன்றிலிருந்து மடங்குவதில்லை. ஐந்தாவது தொண்ணூற்றாறில்: அவர் மனைவி மதலேன் இறந்தபோது கோயிலின் துக்கமணி மூன்று தட்டோடு நின்றது, மேலத்தெருச் சாவுக்கு அது ஒன்பது தட்டும். ஆறாவது இந்த வருஷம் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

இந்த ஆறையும் சந்தியாகு இதே வரிசையில்தான் சொல்வார். மூன்றையும் நான்கையும் யாராவது மாற்றிச் சொல்லிவிட்டால் பேச்சை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறுபத்திரண்டிலிருந்து மறுபடியும் தொடங்குவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், மீதிப் படிப்பை மாநாட்டுப் பந்தல்களில் கொடுத்த துண்டறிக்கைகளில் படித்துக்கொண்டார், பிறகு தானே எழுதத் தொடங்கி, மஞ்சள் காகிதத்தில் சிவப்பு மையில் அச்சடித்து, வெள்ளூற்றுப்பட்டி முழுக்க ஒட்டிக்கொண்டே வந்தார். வருஷங்கள் போகப் போக மை வெளுத்ததே தவிர அவர் கேட்டது மாறவில்லை. தேர் தெற்குத் தெருவுக்கு வர வேண்டும். கோயிலை விட்டு அவர் விலகவுமில்லை, கோயிலுக்குள் உட்காரவுமில்லை. எண்பத்தெட்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடியும்வரை வாசல் நிலையில் சாய்ந்து நின்றேதான் கேட்டார். "உங்க கால் வலி ஆண்டவருக்கு உறைக்கவா போகுது?" என்று மதலேன் கேட்பாள். "உறைக்கிறவரைக்கும் நிப்பேன்" என்பார்.

டிசம்பர் மூன்றாம் தேதி சாயங்காலம், சவேரியார் திருநாளில், அவர் புளியமரத்து முக்கில் போய் நிற்பார். அங்கேதான் மேலத்தெரு முடிந்து தெற்குத் தெரு தொடங்குகிறது, அங்கேதான் போலீஸும் நிற்கும். அந்த இடத்திலிருந்து தேர் தெரியாது, தேரின் உச்சி விளக்கு மட்டும் மேலத்தெருக் கூரைகளுக்கு மேலே ஆடி ஆடிப் போவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, பசி போலவும் பசியில்லாமலும், பிடித்து இழுக்கும். அதற்கு என்ன பெயர் என்று எந்தத் துண்டறிக்கையிலும் போட்டிருக்கவில்லை, அதனால் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவது அநியாயம் அவருடைய மகள் கித்தேரிக்கு நடந்தது. கித்தேரி டவுன் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸ், வயது முப்பத்தொன்று, கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள், கன்னியர் மடத்துக்கும் போக மாட்டேன் என்று சொன்னவள். ஒரு நாள், வேதபோதகப் பத்திரிகை ஒன்றில், மொசாம்பிக் நாட்டில் ஒரு ஆற்றங்கரை மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பிரசவம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும் என்றும், அங்கே பெண்கள் இரண்டு நாள் நடந்து வருகிறார்கள், வழியிலேயே பெற்று வழியிலேயே சாகிறார்கள் என்றும் படித்தாள். படித்த இடத்திலிருந்து அவள் முழுசாகத் திரும்பி வரவேயில்லை. சோறு தின்கையில் சுவருக்கு அப்பால் யாரோ கூப்பிடுவது போலத் தலையைத் தூக்குவாள். கடிதம் எழுதினாள். பதில் வந்தது: வாருங்கள் சகோதரி, கட்டிலும் சோறும் இங்கே உண்டு, வந்து சேருவதற்கான வழியை மட்டும் ஆண்டவர்தான் காட்ட வேண்டும், அது எங்களிடம் இல்லை.

வெள்ளூற்றுப்பட்டியிலிருந்து கடல் தாண்டி வேதபோதகத்துக்குப் போனவர்கள் அதுவரை ஒன்பது பேர், ஒன்பது பேரும் மேலத்தெரு. ஒவ்வொருவருக்கும் ஊரே கூடி அனுப்புதல் பூசை வைத்து, மாலை போட்டு, பயணச் செலவை ஏற்றுக்கொண்டு, விமான நிலையம் வரைக்கும் வேனில் அழுதுகொண்டே போய், திரும்பும்போது பிரியாணி தின்றுவிட்டு வந்தது. பத்தாவதாகக் கித்தேரி கேட்டபோது பங்குப் பேரவை கூடி, டீ குடித்து, "பார்க்கலாம்" என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பேரவைத் தலைவர் ராயப்பன், மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரர், "நர்ஸம்மா ஆப்பிரிக்கா போயிட்டா நமக்கு ஊசி போட யாரு வருவா?" என்று சிரித்தாராம்.

சந்தியாகு அன்றைக்கே துண்டறிக்கை எழுத உட்கார்ந்தார். கித்தேரி பேனாவை வாங்கி மூடி வைத்தாள்.

"வேணாம்ப்பா. அனுப்புறவரு வழியையும் அனுப்புவாரு."

"யாரு, உங்க ஆண்டவரா? அவரு நமக்கு அனுப்பினதை அறுபத்திரண்டுல இருந்து வரிசையாச் சொல்லவா?"

"வரிசை எனக்கு மனப்பாடம்."

"தெருவுல வசூல் பண்ணித் தாரேன்னு இட்லிக் கடை அருளாயி வந்து நின்னா. நம்ம கை நீட்டுற ஆளு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"நல்லதாப் போச்சு. கேக்க வேண்டிய இடத்துல நான் கேட்டாச்சு."

அவள் கிளம்புவதற்கு ஆயத்தமானாள். பச்சை டிரங்குப் பெட்டியில் துணியை மடித்து வைத்து, மேலே ஸ்டெதாஸ்கோப்பையும் செபமாலையையும் வைத்துப் பூட்டி, பெட்டியை வாசலோரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, பஸ் வருவதற்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறவளைப் போல நடமாடினாள். ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அந்த நாட்டில் பேசுகிற போர்த்துகீசு படித்தாள். குழாயடியில் காலை வணக்கத்துக்கு அவள் "போம் தியா" என்று சொல்லிச் சொல்லி, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது, இட்லிக் கடை அருளாயி கடன்காரனைக்கூட "போம் தியா, எப்பத் தருவே?" என்றுதான் கேட்டாள். மகள் போகக் கூடாது என்று சந்தியாகு ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பெட்டி காலில் இடித்தது, ஒவ்வொரு தடவையும் அவர் அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார், ஒவ்வொரு தடவையும் அவள் அதை மறுபடி வாசலோரம் நகர்த்தி வைப்பாள்.

அந்த வருஷத் திருநாளன்று மத்தியானம் மூன்று மணிக்கு, தேர்க் கொட்டகையில் பூச்சோடனை முடித்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், தேர் கிளம்பியது. யாரும் இழுக்கவில்லை. வடம் பக்கவாட்டில் புழுதியில் புரண்டுகொண்டு வந்தது, சவேரியார் சிலுவையைத் தூக்கிப் பிடித்தபடி மேலே ஆடாமல் நின்றார், நான்கு மரச் சக்கரங்களும் எப்போதும் போல முனகிக்கொண்டு உருண்டன. மேலத்தெருவில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள், இந்த வருஷம் சீக்கிரமே எடுத்துட்டாங்க போல என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். புளியமரத்து முக்கில் நின்ற ஏட்டு கையைக் காட்டி வழிவிட்டார். ஏன் விட்டாய் என்று பிறகு மேலதிகாரி கேட்டதற்கு, "வண்டி வந்தா வழி விடறதுதானே சார்" என்றார். தேர் தெற்குத் தெருவுக்குள் திரும்பி, குழாயடியைத் தாண்டி, அருளாயி கடைப் பந்தலின் ஒரு காலை மட்டும் சாய்த்துவிட்டு, சந்தியாகு வீட்டு வாசலில், நாற்பது கல்லுக்கு அப்பால் கடல் இருக்கிற கிழக்குத் திசையைப் பார்த்து நின்றது.

"பந்தக்காலை இனி யாரு நட்டுத் தருவா?" என்றாள் அருளாயி.

கித்தேரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தேரைப் பார்த்து, "வந்திருச்சு" என்றாள், பெட்டியைத் தூக்கப் போனாள். சந்தியாகு வாசலில் நின்றார். இந்த நாளுக்கென்று அவர் நான்கு கோஷங்கள் எழுதி வைத்திருந்தார், இரண்டு துண்டறிக்கைகளுக்கு வாசகமும் யோசித்து வைத்திருந்தார்; ஆனால் தேரை இழுத்துவந்த கை ஒன்றும் இல்லாததால் அவற்றை யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் கேட்டு வரவில்லை. அவர் அடிபட்டு வரவில்லை. அவருடைய மகள் சத்தமில்லாமல் முழங்காலில் நின்று கேட்டாள், வந்துவிட்டது. அவர் பின்கட்டுக்குப் போய், குடத்துத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, நெடுநேரம் அங்கேயே நின்றார்.

கித்தேரி ஏறி உட்கார்ந்தும் தேர் அன்றைக்கு நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. மேலத்தெரு ஆண்கள் எண்பது பேர் வந்து வடத்தைப் பிடித்தார்கள், அது தரையில் முளைத்தது போல நின்றது. ஜேசிபி கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள், இரும்புச் சங்கிலி அறுந்து ஜேசிபி பின்பக்கமாய்ப் போய்ச் சாக்கடையில் இறங்கியது, அதை வெளியே எடுக்க இன்னொரு ஜேசிபி வந்தது. தாசில்தார் வந்து பார்த்து, 'போக்குவரத்துக்கு இடையூறாக ஒரு தேர்' என்று குறித்துக்கொண்டு போனார். காவலுக்குப் போட்ட ஏட்டு தேர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பின் சக்கரத்துக்கும் முட்டுக்கட்டைக்கும் நடுவில் ஒரு கோழி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியது, அதை யாரும் கலைக்கக் கூடாது என்று அவரே உத்தரவு போட்டார்.

பங்குச் சாமியார் அமிர்தநாதர் புதிதாக வந்தவர், சண்டையென்றால் ஒதுங்கிப் போகிறவர். சவேரியார் எங்கே நிற்கிறாரோ அங்கேதானே சாயங்காலப் பூசை வைக்க வேண்டும் என்று அவர் மெல்லச் சொன்னார். அதனால் பிறந்ததிலிருந்து தெற்குத் தெருவில் கால் வைக்காத மேலத்தெரு மனிதர்கள், சாயங்காலம் சாயங்காலம் வரத் தொடங்கினார்கள். முதல் நாள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, எந்தச் சுவரிலும் படாமல், கோழிகளைப் போல ஒருவர் பின்னால் ஒருவராக வந்தார்கள். மூன்றாம் நாள் எங்கே உட்காருவது என்று கேட்டார்கள். ஐந்தாம் நாள் பிரசங்கத்தின் நடுவில் ராயப்பனின் சம்சாரத்துக்கு விக்கல் எடுத்தது; அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை, சாமியாரின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விக்கல் வந்தது. அருளாயி ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துப்போய் நீட்டினாள். தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அந்த அம்மாள் ராயப்பன் இருந்த பக்கம் திரும்பாமல் தண்ணீரைக் குடித்தாள், விக்கல் நின்றது. "போம் தியா" என்றாள் அருளாயி. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் அந்த அம்மாளும் "போம் தியா" என்றாள். ஆறாம் நாளிலிருந்து மேலத்தெருப் பெண்கள் பூசைக்கு முன்னாலேயே வந்து இட்லி வாங்கித் தின்றார்கள்.

தேர் கடலைத்தான் பார்க்கிறது என்பதில் தெற்குத் தெருவுக்குச் சந்தேகம் இல்லை. கடற்கரையிலிருந்து படகு கட்டுகிற ஓடாவி ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் தேரின் அடிப்பலகையைச் சுத்தியால் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு, "வேங்கைக் கட்டை, ஒரு இடத்துலயும் உளுக்கல. இடுக்குல பஞ்சும் குங்கிலியமும் வச்சு அடைச்சா மிதக்கும். மொசாம்பிக்கா, அங்கன போற வாடைக் காத்துக்கு இதுதான் மாசம்" என்றார், சட்டையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார். தேர் கடலில் போகுமா என்று யாரும் கேட்கவில்லை. அலை அடிக்கும்போது சவேரியார் முன்னால் பார்த்து நிற்க வேண்டுமா, ஊரைப் பார்த்து நிற்க வேண்டுமா என்பதில்தான் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. ஏட்டு, தேருக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டு, திட்டு வாங்கினார்.

கோயில்பிள்ளைக்கு, மணியடித்து மெழுகுதிரி ஏற்றுகிற செபமாலை என்ற மெலிந்த மனிதருக்கு, எட்டாம் நாள்தான் அது உறைத்தது. "ஓலை வாசிக்கலையே" என்றார். வெள்ளூற்றுப்பட்டி வழக்கம் அது: வடத்தில் முதல் கை வைக்கிறவரின் பெயரைத் தகப்பன் பெயரோடு ஒரு தாளில் எழுதி, மூன்று சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும், வாசித்த பிறகுதான் தேர் நகரும். தேரைச் செய்து கொடுத்த எட்டு மேலத்தெருக் குடும்பங்கள் வருஷத்துக்கு ஒரு குடும்பமாக அந்தப் பெயரைப் பங்கிட்டுக்கொண்டு வந்தன. அந்த வருஷம் ராயப்பனின் முறை. அவர் பெயரை வாசித்தார்கள், அவர் வடத்தைப் பிடித்தார், தேர் அசையவில்லை. மீதி ஏழு குடும்பத்தையும் வாசித்தார்கள். பிறகு செபமாலை ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து, உயிரோடு இருக்கிறவர்கள் இல்லாதவர்கள் எல்லோர் பெயரையும் வாசிக்கத் தொடங்கினார். மூன்று நாள் வாசித்தார், சாட்சிகள் முறை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள், இறந்தவர்களின் பெயர் வந்தபோது அந்தந்த வீட்டுக்காரர்கள் எங்கிருந்தோ வந்து தேர் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்கள். இரண்டே இரண்டு பெயருக்குத்தான் தேர் காது கொடுத்தது. சூசை மகன் சந்தியாகு என்று வாசித்தபோது முன்சக்கரங்கள் இரண்டும் மேற்கே, கொட்டகை இருக்கிற பக்கமாகத் திரும்பின. சந்தியாகு மகள் கித்தேரி என்று வாசித்தபோது அவை மறுபடி கிழக்கே திரும்பின. வடத்தில் யாரும் கை வைக்காததால், திரும்பியதோடு நின்றுவிட்டன.

சமாதானக் கூட்டம் சந்தியாகு வீட்டு வாசலிலேயே நடந்தது. தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தார். ராயப்பன் நின்றுகொண்டே பேசினார், சந்தியாகுவிடம் ஒன்றைக் கேட்டு அந்த வாசலில் அவர் நிற்பது அதுவே முதல் தடவை.

"மச்சான் உறவு கொண்டாட வரல, சந்தியாகு. நேராச் சொல்றேன். ஓலையில உம்ம பேரைப் போடுவோம். ஊரறிய வாசிப்போம். நீரு முதல் கை வையும், தேரைக் கொட்டகைக்குக் கொண்டாந்து சேரும். இனி வருஷா வருஷம் தேரு இந்தத் தெரு சுத்தித்தான் போகும். தீர்மானம் எழுதித் தாரோம், தாசில்தார் ஐயா சீல் வைப்பாரு."

"எழுதிக் குடுத்ததெல்லாம் எங்கிட்ட ஒரு பெட்டி நெறைய இருக்கு."

"இது தேருமேல சத்தியம். கடலுக்குப் போச்சுன்னா அது போனதுதான். எங்க தாத்தன் செஞ்ச தேரு. அப்புறம் உமக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது."

சந்தியாகு தாசில்தாரைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார். முப்பது வருஷம் அவர் கேட்டுக்கொண்டே இருந்த வாக்கியத்தை ராயப்பனே தன் வாயால் சொல்லிவிட்டார். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. அவர் பதில் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கேட்டார், ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"ஓலையை நான்தான் வாசிப்பேன். எங்க தெருவுல பொறந்த வாய் இதுவரைக்கும் அதை வாசிச்சதில்ல."

"உம்ம பேரை நீரே வாசிக்கிறதா?" என்று ராயப்பன் சிரித்தார். "வாசியும். உமக்கு மைக்கும் வேணாம்."

கூட்டம் கலைந்த பிறகு கித்தேரி தேரின் படியில் உட்கார்ந்து, ஓடாவிக்குப் பஞ்சு திரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சந்தியாகு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கேட்டியா?"

"கேட்டேன்ப்பா."

"ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"நீங்க முப்பது வருஷம் கேட்டீங்க. நான் ஒரு வருஷம் கேட்டேன். ரெண்டு பேரு கேட்டதும் ஒரே வண்டியில வந்திருச்சு. நான் என்னன்னு சொல்ல?"

"கஞ்சப்பய ஆண்டவன். ரெண்டா அனுப்பினா என்ன கொறஞ்சா போயிருவான்?"

கித்தேரி சிரித்தாள். பிறகு பஞ்சைத் திரித்தபடியே, சாதாரணமாகச் சொன்னாள்: "தேரு வந்த அன்னைக்கு மத்தியானம் எனக்கு ஒரே சந்தோசம், சரி, கெளம்பிரலாம்னு. நீங்க பின்கட்டுக்குப் போனீங்கல்ல, அப்பறம்தான் ஒரு மாதிரி ஆயிருச்சு. இவ்வளவு நாளா நீங்க விளக்கை மட்டுந்தானே பாத்திருக்கீங்க. இது உங்களுக்குன்னு வந்ததாக்கூட இருக்கலாம். நான் வேற வழிக்குக் காத்திருக்கேன். எனக்கு அவசரம் இல்ல."

அவளுக்கு அவசரம் இருந்தது. அது அவருக்குத் தெரியும். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை ஒருமுறை கிழக்குப் பக்கம் நிமிர்ந்து, பின் தாழ்ந்தது. எங்கேயோ ஒரு ஆற்றங்கரைப் பாதையில் நிறைமாதக்காரி ஒருத்தி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து நடந்துகொண்டிருக்கிறாள், அவள் மூச்சு இவள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. மகளின் இந்தப் பார்வையை அவருக்கு அடையாளம் தெரிந்தது, புளியமரத்து முக்கில் நிற்கும்போது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அவர் தேரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தன் வாசலிலேயே நின்றும் அதன் வேலைப்பாட்டை அவர் அதுவரை கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. சிறகு விரித்த சம்மனசுகளின் மூக்கெல்லாம் மேலத்தெரு மூக்காகச் செதுக்கியிருந்தது. கீழ்ப்பலகையில் எட்டுக் குடும்பத்தின் பெயரும் வரிசையாக வெட்டியிருந்தது. கையால் தடவிப் பார்த்தார், மரம் வெயிலில் சூடாக இருந்தது. அருளாயி இட்லித் தட்டோடு வந்து நின்றாள்.

"என்னண்ணே, நாளைக்கு வடம் பிடிக்கப் போறியாமே. புதுச் சட்டை எடுத்தாச்சா?"

"கடலுக்குப் போயிருச்சுன்னா தேரே இல்லாமப் போகும் அருளாயி. தெருவுக்குக் கெடைச்சதை நான் தொலைச்சவன் ஆயிருவேன்."

"கெடைச்சது என்ன கெடைச்சது? வருஷத்துக்கு ஒருக்கா அவுக தாத்தன் தேரு நம்ம தெருவைச் சுத்திட்டுப் போகும், நம்ம கும்பிட்டுக்கிட்டு நிக்கணும். அதுக்கா நீ கையை ஒடைச்சுக்கிட்ட?" அவள் ஒரு இட்லியைப் பிட்டு அவர் கையில் வைத்தாள். "இது போயிருச்சுன்னா ஊரு சும்மா இருக்குமா? புதுசு செய்யணும்ல. புதுசு செஞ்சா மொத ஆணியில இருந்து நம்ம ஆளும் நிக்கும். யாரு தாத்தன் தேருன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல."

"செய்ய விடுவானுகளா?"

"விட மாட்டானுக. நீதான் இருக்கியே, மஞ்சத் தாளை வச்சுக்கிட்டு. உனக்கும் பொழுது போகணும்ல. மகளும் ஊர்ல இருக்க மாட்டா."

சந்தியாகு இட்லியைத் தின்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை தெருவிலேயே நடந்தது. அன்றைக்குத் தெற்குத் தெருவுக்குள் ஊரே இருந்தது. கூரைமேல் இருந்தார்கள், குழாயடித் திட்டில் இருந்தார்கள், இரண்டு தெருப் பெண்களும் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எண்பத்தெட்டில் அடிபட்டவர்களில் மிஞ்சியிருந்த ஏழு பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள், சந்தியாகுவின் பெயரைக் கேட்பதற்காகவே வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஓடாவி கடைசி இடுக்கையும் அடைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கோழி ஏழு குஞ்சுகளோடு சக்கரத்தடியிலிருந்து எழுந்து போயிருந்தது. கித்தேரி கூட்டத்தின் ஓரத்தில், வீட்டு நிலைப்படியில் நின்றாள். பெட்டி வீட்டுக்குள்ளே இருந்தது, அன்று காலை அவளே அதை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள், தள்ளும்போது அப்பா பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

சாட்சிகள் மூன்று பேர்: ராயப்பன், சாமியார் அமிர்தநாதர், தெற்குத் தெருவிலிருந்து அருளாயி. செபமாலை தாளை இரண்டு கையாலும் நீட்டினார். சந்தியாகு வலது கையால் வாங்கிக்கொண்டார், இடது கை மடங்காததால் கண்ணாடியை அருளாயிதான் போட்டுவிட்டாள். செபமாலையின் உருண்டையான கையெழுத்தில், கறுப்பு மையில், 'சூசை மகன் சந்தியாகு' என்று எழுதியிருந்தது. அவர் அதை உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல், ஒருமுறை வாசித்தார். அவசரப்படாமல் இன்னொருமுறை வாசித்தார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஏழு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ராயப்பன் ஒரு எட்டு முன்னால் வந்தார். சாமியார் அவர் தோளில் கை வைத்தார்.

"வடத்துல முதல் கை வைக்கிறவர் பெயர் வாசிக்கிறேன்" என்றார் சந்தியாகு. "சாட்சிகள் கேட்கிறீர்களா?"

"கேட்கிறேன்" என்றார் சாமியார். "கேக்குறேன்ணே" என்றாள் அருளாயி. ராயப்பன் தேரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கூட்டத்தின் நடுவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் சம்சாரத்தைப் பார்த்தார். "கேக்குறேன், வாசியும்" என்றார்.

கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் கோர்ட்டு வாசலிலும் மைக் இல்லாமலே கேட்ட குரல் அது. அன்றைக்கு அவ்வளவு உயரவில்லை, ஆனாலும் கூரைமேல் இருந்தவர்களுக்கும் நிலைப்படியில் நின்றவளுக்கும் தெளிவாகக் கேட்டது:

"தெற்குத் தெரு, சந்தியாகு மகள் கித்தேரி."